கண்டிக்கு முதல்முறை போகிறீர்களா? ஏரியைச் சுற்றி இரண்டு நாள்

கண்டிக்கு வருகிறவர்களில் பலர் காலை 10 மணிக்கு மேல் வந்து இறங்குகிறார்கள். புத்தரின் பல் வைக்கப்பட்டிருக்கும் தலதா மாளிகைக்குள் ஒரு சுற்று, ஏரிக்கரையில் நாலு படம், அவ்வளவுதான். மாலை 4 மணிக்கு நுவரெலியாவுக்கோ கொழும்புக்கோ கிளம்பிவிடுகிறார்கள். கண்டியைப் பார்க்க இதைவிடத் தோதில்லாத நேரம் கிடையாது. அந்த நேரத்தில் மாளிகையில் பூசை இல்லை. ஏரியை ஒட்டிய வீதிகளில் வாகனம் நகராது. வெயில் தலைக்கு மேல் நிற்கும். பாதி மாதங்களில், பிற்பகல் ஆனதும் மழையும் வந்துவிடும்.

விடியற்காலை 5.30 முதல் 9 வரையும், மாலை 4.30 முதல் இரவு 8 வரையும்தான் இந்த ஊர் தன் அழகைக் காட்டும். நடுப்பகலில் ஊரைவிட்டு வெளியே போய்விடுங்கள். பேராதனைத் தாவரவியல் தோட்டமும் பழைய கோயில்களும் அதற்காகவே இருக்கின்றன. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துத் திட்டம் போட்டால் மற்றதெல்லாம் தானாகவே அமையும். குறைந்தது இரண்டு இரவு தங்குங்கள்.

எந்த மாதம், எந்த நாள்

கண்டி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்தில், மலைகளுக்கு நடுவே இருக்கிறது. நுவரெலியாக் குளிரை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். பகலில் நன்றாக வியர்க்கும். இரவில் மெல்லிய போர்வை போதும். ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைவு. அக்டோபர், நவம்பரில்தான் அதிகம். அந்த மாதங்களில் கனமழை பெய்தால் மண்சரிவால் ரயில் பாதையும் கொழும்பு வீதியும் அடைபடுவது உண்டு. ஆகவே விமானம் ஏறும் நாளுக்கு முந்தைய இரவைக் கண்டியில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

நாட்காட்டியில் பௌர்ணமி என்றைக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள். இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் போயா விடுமுறை. அன்று மது விற்கமாட்டார்கள், இறைச்சிக் கடைகள் மூடியிருக்கும். மாளிகைக்கு வெள்ளுடையில் குடும்பம் குடும்பமாக வருவார்கள். கூட்டத்தைப் பார்க்கவே வருகிறவர்களுக்கு அது அருமையான நாள். அமைதியாகச் சுற்ற நினைப்பவர்கள் அந்த நாளையும் அதற்கு முன்பின் நாட்களையும் தவிர்க்கலாம்.

போய்ச் சேருவது

கொழும்பிலிருந்து வீதி வழியாக 115 கிலோமீட்டர். பஸ் என்றால் புறக்கோட்டையிலிருந்து 1-ஆம் இலக்க பஸ். வழமையான நாளில் மூன்றிலிருந்து நான்கு மணி நேரம் எடுக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறவர்களுக்கு ஏ-9 வீதிதான். அந்த வீதியே கண்டியில்தான் தொடங்குகிறது. கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து வருகிறவர்கள் கொழும்புக்குள் போய்த் திரும்ப வேண்டிய அவசியம் இல்லை. அங்கிருந்தே கண்டிக்கு வாகனம் பிடிக்கலாம்.

எங்களைக் கேட்டால் ரயிலைத்தான் சொல்வோம். கண்டிக்கு 1867-இல் வந்த பாதை இது. ரம்புக்கனைவரை சமவெளி, அதற்குப் பிறகு கடுகண்ணாவைவரை ஒரே ஏற்றம். சுரங்கங்களுக்கு நடுவே பாறை விளிம்பில் ரயில் போகும்போது கீழே பள்ளத்தாக்கு விரிந்து கிடக்கும். அந்தக் காட்சி கொழும்பிலிருந்து வரும்போது வலப்பக்க யன்னலில்தான் கிடைக்கும். முன்பதிவு செய்யும்போது வலப்பக்கமாகக் கேளுங்கள். முன்பதிவு பயண நாளுக்கு 30 நாள் முன்பே திறக்கும். வார இறுதி, பள்ளி விடுமுறை, பெரஹரா என்ற யானை ஊர்வல விழா நாட்களில் சீட்டு சீக்கிரம் தீர்ந்துவிடும். கிடைக்காவிட்டால், முன்பதிவு இல்லாத பெட்டிக்கு அன்றைய சீட்டை நிலையத்திலேயே வாங்கலாம். ஆனால் உட்கார இடம் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

புதியவர்கள் தவறும் இடம் ஒன்று உண்டு. கண்டி நிலையம் பிரதான பாதையில் இல்லை, கிளைப் பாதையில் இருக்கிறது. பதுளைக்குப் போகும் ரயில்களில் சில கண்டிக்குள் வந்து திரும்பும். உடரட்ட மெனிகே போன்ற சில, பேராதனைச் சந்தியோடு மலையேறிவிடும். ஏறும் முன்பே "கண்டிக்குள் போகுமா?" என்று கேளுங்கள். போகாத ரயிலில் ஏறிவிட்டால் பேராதனைச் சந்தியில் இறங்கி, வீதிக்கு வந்து பஸ்ஸோ ஆட்டோவோ பிடிக்க வேண்டும். அதனால் பெரிய நட்டம் ஒன்றும் இல்லை. தூங்கிப்போனால்தான் சிக்கல்.

தங்குமிடம்

ஏரிக்குத் தெற்கே மேட்டில் ஏறும் சரணங்கர வீதியிலும் ராஜபிஹில்ல மாவத்தைப் பக்கமும் விருந்தினர் விடுதிகள் நெருக்கமாக உள்ளன. பால்கனியிலிருந்து ஏரி தெரியும் அறைகள் இங்கேதான் கிடைக்கும். விலை என்னவென்றால், அந்த ஏற்றம். வரைபடத்தில் 400 மீட்டர் என்று காட்டும் தூரம் செங்குத்தாக இருக்கும். பெட்டியோடு நடந்து ஏறப் பார்க்காதீர்கள். வயதானவர்கள் உடன் வந்தால் கரையோரத்தில் அல்லது நகரத்துக்குள் தங்குங்கள். "ஏரிக்காட்சி" என்று விளம்பரம் செய்யும் இடங்களில், காட்சி உங்கள் அறையிலிருந்தா மொட்டைமாடியிலிருந்தா என்பதை முன்பே கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

ரயில் நிலையத்திலிருந்து மாளிகைக்கு நடந்தால் இருபது நிமிடம். ஆட்டோவுக்குச் செயலி வழியாக அழைத்தால் கட்டணத் தகராறு இருக்காது. வீதியில் பிடித்தால் ஏறும் முன்பே தொகையைப் பேசிக்கொள்ளுங்கள்.

முதல் மாலை: ஏரியைச் சுற்றி

வந்த அன்றைக்கே மாலை 4.30-க்கு ஏரி நடையைத் தொடங்குங்கள். சுற்றளவு 3.2 கிலோமீட்டர். நின்று நின்று நடந்தாலும் ஒரு மணி நேரம் போதும்.

இது இயற்கை ஏரி அல்ல. வயலாகக் கிடந்த தாழ்நிலத்தில் அணை கட்டி, கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807-இல் உருவாக்கியது. சிங்களத்தில் கிரி முகுத, அதாவது பாற்கடல் என்று பெயர். அவனுடைய கட்டடக் கலைஞர் தேவேந்திர மூலாச்சாரி. ஏரியும், மாளிகையின் முகப்பில் நிற்கும் எண்கோண மண்டபமான பத்திரிப்புவவும் அவர் கைவேலை.

மாளிகை இருப்பது வடகரையில். தொடங்கும் முன் கரைச் சுவரை அருகில் போய்ப் பாருங்கள். மேல்விளிம்பு மேகக் கூட்டம்போல் வளைந்து வளைந்து போகும். அதனால்தான் வலாகுளு பம்ம, மேகச் சுவர் என்கிறார்கள். சுவர் முழுக்க முக்கோண வடிவில் சிறு மாடங்கள் இருக்கும். விழாக் காலத்தில் அவற்றில் எண்ணெய் விளக்கு வைப்பார்கள். சில மாடங்களின் உட்பக்கம் கரியேறிக் கறுத்திருக்கும். இந்தச் சுவர் ஏரியை முழுவதும் சுற்றி வரவில்லை. வேலை முடியும் முன்பே 1815-இல் அரசு போய்விட்டது.

மாளிகையை ஒட்டித் தண்ணீருக்குள் நீட்டியபடி நிற்கும் மண்டபம் உல்பங்கே, அரசியர் நீராடிய இடம். ஏரி நடுவில் தென்னையோடு தெரிகிற தீவு, அரசன் ஓய்வெடுத்த இடம். பின்னால் ஆங்கிலேயர் அதை வெடிமருந்துக் கிடங்காக வைத்துக்கொண்டார்கள். தென்கரையில் மல்வத்தை விகாரை. பௌத்த சங்கத்தின் இரு பெரும் பீடங்களில் ஒன்று. அமைதியாக உள்ளே போய்வரலாம்.

தண்ணீரோரம் நிதானமாகப் பார்த்தபடி நடங்கள். நீர்க்காகங்கள், கொக்குகள், கூழைக்கடாக்கள், கல்லில் வெயில் காயும் ஆமைகள், சில வேளை ஓர் ஆள் நீளத்துக்கு நீந்திப்போகும் கபரகொய்யா உடும்பு எல்லாம் தெரியும். உடும்பை நெருங்கிப் படம் எடுக்க வேண்டாம். வாலால் அடித்தால் பலமாக விழும். ஏரியில் மீன்பிடிக்கத் தடை உண்டு.

இன்னொரு விஷயம், குடை. மழைக்காக மட்டும் சொல்லவில்லை. கரையோர மரங்களில் அந்திக்குப் பறவைகள் ஆயிரக்கணக்கில் வந்து அடையும். மரத்தடி நடைபாதை வெள்ளையாக இருந்தால் அங்கே நிற்காதீர்கள், மறுபக்கமாக ஒதுங்கிப் போங்கள். மாளிகைக்கென்று வெள்ளுடுப்புப் போட்டவர்கள் இதை மறந்துவிட்டுத்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

மேலிருந்து பார்க்க இரண்டு இடங்கள் உண்டு. ராஜபிஹில்ல மாவத்தையில் உள்ள ஆர்தர்ஸ் சீட் என்ற காட்சிமுனை இலவசம். ஏரியும் மாளிகையும் ஊரும் ஒரே பார்வையில் அடங்கும். பஹிரவகந்தையில் உள்ள 88 அடி வெள்ளைப் புத்தர் சிலை உயரத்தில் இருந்தாலும் ஏரி தள்ளித் தெரியும், நுழைவுக் கட்டணமும் உண்டு. ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் ஆர்தர்ஸ் சீட் போங்கள், அதுவும் சூரியன் மறைவதற்கு அரை மணி நேரம் முன்பாக.

மாளிகைக்குள்: எப்படிப் போவது, எதைப் பார்ப்பது

தலதா மாளிகை காலை 5.30-க்குத் திறக்கும், இரவு 8-க்கு மூடும். தேவாவ எனப்படும் பூசை நாளுக்கு மூன்று முறை: காலை 5.30, 9.30, மாலை 6.30. பூசை நேரத்தில் மட்டும்தான் மேல்மாடிக் கருவறைக் கதவு திறக்கும். மற்ற நேரத்தில் போனால் மூடிய கதவைத்தான் பார்ப்பீர்கள். ஏமாந்து திரும்புகிறவர்களில் பெரும்பாலோருக்கு நடப்பது இதுதான்.

எந்தப் பூசை நல்லது? மாலைப் பூசைக்கு வெளிநாட்டுப் பயணிகள் கூட்டமாக வருவார்கள், தள்ளுமுள்ளு இருக்கும். 5.30 பூசைக்கு வருகிறவர்கள் ஊர்க்காரர்கள், வணங்க வருகிறவர்கள். கண்விழிக்கச் சிரமப்பட்டாலும் இதையே தேர்ந்தெடுங்கள். புதன்கிழமையானால் நானுமுர மங்கல்ய என்ற சடங்கும் உண்டு. வாசனைப் பூக்களும் மூலிகையும் சேர்த்த நீரால் புனித தந்தத்துக்கு, அதாவது புத்தரின் பல்லுக்கு, அடையாளமாக நீராட்டு நடத்தி, அந்த நீரை வந்தவர்களுக்குக் கொடுப்பார்கள். நோய் தீர்க்கும் என்பது நம்பிக்கை.

வரிசைப்படி செய்ய வேண்டியது இது.

முதலில் உடை. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், ஆணானாலும் பெண்ணானாலும். வேட்டியும் சேலையும் பிரச்சினையே இல்லை. வெள்ளை அல்லது வெளிர் நிறம் மரியாதை. அரைக்காற்சட்டையில் வந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். பக்கத்தில் துணி வாங்கிச் சுற்றிக்கொள்ள வேண்டி வரும்.

இரண்டாவது, சோதனை. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி வரிசை. 1998 ஜனவரியில் இங்கே குண்டு வெடித்தது. அதன் பிறகே இந்தக் கட்டுப்பாடு. மாளிகைக்கு முன்னால் ஓடும் வீதி அன்றிலிருந்து வாகனங்களுக்கு மூடப்பட்டது. கண்டி நெரிசலுக்கு அதுவும் ஒரு காரணம். பெரிய பைகளை அறையிலேயே விட்டுவாருங்கள்.

மூன்றாவது, செருப்பு வைக்கும் இடம். சில்லறை நோட்டுகள் கையில் இருக்கட்டும். வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. இந்தியா உள்ளிட்ட சார்க் நாட்டவருக்குக் குறைவு, ஆனால் கடவுச்சீட்டைக் காட்டினால்தான். அசல் வேண்டாமென்று நினைப்பவர்கள் நகலாவது எடுத்துப் போங்கள்.

நான்காவது, பூ. வாசலில் தாமரையும் அல்லியும் விற்பார்கள். இங்கே பூவை முகர்ந்து பார்த்துவிட்டுப் படைக்கக் கூடாது. நம் கோயில் வழக்கமும் அதுதான் என்பதால் தமிழருக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் அர்ச்சனை, பெயர், நட்சத்திரம் என்று எதுவும் இங்கே கிடையாது. மேல்மாடியில் நீளமான மேசை இருக்கும். பூவை நீங்களே அங்கே வைத்துவிட்டு நகர வேண்டும்.

ஐந்தாவது, நிற்கும் இடம். காலை 5.30 பூசையானால் மாளிகை திறந்ததும், மற்றப் பூசைகளுக்கு அரை மணி நேரம் முன்பே மேலே ஏறி வரிசையில் சேர்ந்துவிடுங்கள். கீழ் முற்றத்தில் மேளக்காரர்கள் சிவப்பும் வெள்ளையுமான உடையில் வாசிக்கத் தொடங்குவார்கள். அந்த முழக்கத்தைப் பக்கத்தில் நின்று கேட்க ஆசைப்பட்டால் கீழேயே நில்லுங்கள். தந்தம் இருக்கும் பேழையைப் பார்க்க வேண்டுமானால் மேலே போங்கள். ஒரே பூசையில் இரண்டும் நடக்காது. இரண்டு இரவு தங்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கதவு திறந்த பின் சில வினாடிகள்தான் பார்க்கக் கிடைக்கும். தெரிவது பல்லல்ல, பொற்பேழை. ஒன்றுக்குள் ஒன்றாக ஏழு பேழைகள் என்பார்கள். தூபி வடிவில் மின்னும் வெளிப்பேழையைத்தான் காண்கிறோம். கலிங்கத்திலிருந்து ஹேமமாலா என்ற இளவரசி தன் கூந்தலுக்குள் மறைத்து இந்தத் தந்தத்தைக் கொண்டுவந்தாள் என்பது மரபு. இதை வைத்திருந்தவரே நாட்டை ஆளும் உரிமை உள்ளவர் என்று கருதப்பட்டதால், தலைநகர் மாறும்தோறும் தந்தமும் கூடவே போயிற்று. கீழ்த்தளத்தின் பின்புறத்தில் புதிய மண்டபத்தில் இந்தக் கதை முழுவதும் ஓவியங்களாக மாட்டியிருக்கிறது.

படம் எடுக்கலாம். புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுப்பது மட்டும் இங்கே பெரிய குற்றமாகக் கருதப்படும். சிலைக்கு முன் தற்படம் எடுப்பவர்கள் தங்களை அறியாமலேயே இதைச் செய்துவிடுகிறார்கள். கையில் புத்தர் உருவம் பச்சை குத்தியிருந்தால் மூடிக்கொள்ளுங்கள்.

மாளிகை வளாகம் பூசையோடு முடிந்துவிடவில்லை

பூசை பார்த்துவிட்டு நேரே வெளியேறாதீர்கள். வளாகத்துக்குள்ளேயே மகுல் மடுவ என்ற அரசவை மண்டபம் இருக்கிறது. செதுக்கிய மரத் தூண்கள், ஓட்டுக் கூரை, திறந்த பக்கங்கள். 1783-இல் ராஜாதி ராஜசிங்கன் தொடங்கியது. கண்டி அரசை ஆங்கிலேயருக்குக் கையளித்த உடன்படிக்கை 1815 மார்ச் 2-ஆம் தேதி இங்கேதான் வாசிக்கப்பட்டது.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் இங்கே சற்று நேரம் நிற்க வேண்டும். 1739 முதல் கண்டியை ஆண்ட கடைசி நான்கு மன்னர்களும் மதுரைப் பக்கத்து நாயக்கர் வழியினர். ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் இயற்பெயர் கண்ணுசாமி. பிடிபட்ட பிறகு அவனைக் குடும்பத்தோடு வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். 1832-இல் அங்கேயே இறந்தான். வேலூரில் பாலாற்றங்கரையில் இருக்கும் முத்து மண்டபம் அவன் நினைவிடம். அவனுடைய ஏரியைக் கண்டியில் பார்த்தவர்கள், ஊர் திரும்பிய பிறகு வேலூருக்கும் ஒருமுறை போய்வாருங்கள்.

ராஜா என்ற கொம்பன் யானையின் உடலைப் பாடம் செய்து தனி அறையில் வைத்திருக்கிறார்கள். பெரஹராவில் நீண்ட காலம் பேழை சுமந்த யானை அது, 1988-இல் இறந்தது. குழந்தைகள் இருந்தால் கட்டாயம் கூட்டிப்போங்கள்.

மாளிகைக்கு எதிரே நாத தேவாலயமும் பத்தினி தேவாலயமும் விஷ்ணு தேவாலயமும் அடுத்தடுத்து இருக்கின்றன (தேவாலயம் என்றால் இங்கே தெய்வங்களுக்கான கோயில்). நாத தேவாலயம் 14-ஆம் நூற்றாண்டுக் கட்டடம், நகரத்திலேயே பழையது. பத்தினி தேவி வேறு யாருமல்ல, நம் கண்ணகி. சிங்களப் பெண்கள் பிள்ளைப்பேற்றுக்கும் அம்மை நோய்க்கும் அவளிடம் நேர்ந்துகொள்கிறார்கள். கதிர்காமக் கந்தனுக்கான தேவாலயம் மட்டும் சற்றுத் தள்ளி, கடைவீதிக்குள் இருக்கிறது. கட்டுக்கலையில் உள்ள செல்வ விநாயகர் ஆலயம் முழுக்க நம் முறைப்படியான கோயில்.

மாலையில் கண்டிய நடனம் பார்க்க நினைப்பவர்கள் இரண்டாம் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏரிக்கரையில் உள்ள அரங்குகளில் மாலை 5 அல்லது 5.30-க்குத் தொடங்கி ஒரு மணி நேரம் நடக்கும், தீமிதிப்போடு முடியும். அது பயணிகளுக்காகச் சுருக்கிக் கட்டிய நிகழ்ச்சிதான். ஆனாலும் வெஸ் எனப்படும் வெள்ளித் தலையணி அணிந்த ஆட்டக்காரர்களையும் கெட்ட பெரய என்ற மேளத்தையும் இத்தனை பக்கத்தில் வேறு எங்கும் பார்க்க முடியாது. சீட்டை அரங்க வாசலில் வாங்குங்கள், வீதியில் விற்பவர்களிடம் வேண்டாம்.

இரண்டாம் நாள் பகல்: பேராதனை

காலைப் பூசை முடித்து, பசியாறிவிட்டு 8.30-க்குள் பேராதனைக்குக் கிளம்புங்கள். கண்டியிலிருந்து ஐந்தரை கிலோமீட்டர்தான். கொழும்பு வீதியில் போகும் எந்த பஸ்ஸும் தோட்ட வாசலைக் கடந்துதான் போகும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பாடசாலை விடுகிற பிற்பகல் 1 மணி முதல் 3 மணி வரை நகரத்துக்குள் திரும்பி வரப் பார்க்காதீர்கள். ஏரியைச் சுற்றிப் பாடசாலைகள் நிறைய. வேன்களும் பெற்றோர் வாகனங்களும் ஒருவழிப் பாதையில் அடைந்து நிற்கும்.

தோட்டம் 147 ஏக்கர். மகாவலி ஆறு மூன்று பக்கமும் வளைந்து ஓடுகிறது. 1821-இல் தொடங்கியது. காலை 7.30-க்குத் திறப்பார்கள். மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். தண்ணீரும் தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுப் பொதியைக் கையில் வெளிப்படையாக வைத்திருந்தால் குரங்கு பிடுங்கிக்கொள்ளும்.

வாசலில் வரைபடம் வாங்கிக்கொண்டு ஓர்க்கிட் வீட்டில் தொடங்குங்கள். வெயில் ஏறும் முன் அங்கே பூக்களைப் படம் எடுக்க வெளிச்சம் மென்மையாக இருக்கும். அடுத்து இரட்டைத் தேங்காய் மரங்கள்; செய்ச்செல்ஸ் தீவுகளிலிருந்து வந்தவை. உலகிலேயே பெரிய விதை இதன் விதைதான். ஒரு காய் முற்றவே ஆண்டுக்கணக்கில் ஆகும். பிறகு நினைவு மரங்கள். பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரானவர் 1901-இல் நட்ட நாகலிங்க மரம் இன்னும் காய்த்துத் தொங்குகிறது. ரஷ்யாவின் கடைசிச் சார் மன்னர் இளவரசராக வந்தபோது 1891-இல் நட்ட நாக மரமும் இருக்கிறது. பெரிய புல்வெளியில் கிளை பரப்பி நிற்கும் ஜாவா அத்திதான் எல்லோரும் படம் எடுக்கும் மரம். அதன் வேர்கள் தரையில் சுவர்போல எழும்பி நிற்கும்; குழந்தைகள் ஏறி ஓடுவார்கள். அதற்கப்பால் ஆற்றோரம் பர்மா மூங்கில் புதர்கள், தண்டு ஒவ்வொன்றும் தொடையளவு. நிமிர்ந்து பார்த்தால் உயர்ந்த மரங்களில் பழந்தின்னி வௌவால்கள் கூட்டம் கூட்டமாகத் தொங்கும். அவற்றுக்கு நேர் கீழே வாயைப் பிளந்துகொண்டு நிற்காதீர்கள்.

தோட்டத்துக்குப் பக்கத்திலேயே பேராதனைப் பல்கலைக்கழகம். ஹந்தானை மலையடிவாரத்தில் வளாகத்துக்குள் குறிஞ்சிக் குமரன் ஆலயம் இருக்கிறது. தமிழ் மாணவர் தலைமுறைகளுக்குக் கண்டி என்றால் அந்தப் படிக்கட்டுதான். ஆட்டோவில் போய் ஓர் அரை மணி நேரம் இருந்துவிட்டு வரலாம்.

மூன்று பழைய கோயில்கள்

பிற்பகலில் தெம்பு இருந்தால், அல்லது மூன்றாம் நாள் கிடைத்தால் இதைச் செய்யுங்கள். பயணிகளில் மிகச் சிலரே வருகிற சுற்று இது. கண்டியைச் சுற்றிப் பார்க்க வேண்டியவற்றில் இதற்குத்தான் நாங்கள் முதலிடம் கொடுப்போம்.

எம்பக்கே தேவாலயத்தில் தொடங்குங்கள். கதிர்காமக் கடவுளுக்கான கோயில். மேள மண்டபத்தின் மரத் தூண்கள் ஒவ்வொன்றிலும் செதுக்கல்கள்: கழுத்துப் பிணைந்த அன்னங்கள், மல்லர்கள், இருதலைப் பறவை, குழந்தைக்குப் பால் கொடுக்கும் தாய். ஒன்றைப்போல் இன்னொன்று இராது. தூண்களைப் பார்த்த பின் தலையைத் தூக்கிக் கூரையின் முன்கோடியைப் பாருங்கள். 26 வளைமரங்கள் ஒரே மர ஆணியில் வந்து பூட்டியிருக்கும். காவலாளியிடம் "மடொல் குருபாவ" என்று கேட்டால் கைகாட்டுவார்.

அங்கிருந்து வயலோரமாக சுமார் 3 கிலோமீட்டரில் லங்காதிலக. பாறை முகட்டில் நிற்கும் செங்கல் விகாரை, 1344-ஐச் சேர்ந்தது. பாறையில் சிங்களக் கல்வெட்டோடு தமிழ்க் கல்வெட்டும் உண்டு. பிறகு கடலாதெனிய, அதே காலத்துக் கற்கோயில். கணேசுவராச்சாரி என்ற தென்னாட்டுச் சிற்பி எழுப்பியது. தூணும் கொடுங்கையும் பார்த்தவுடனே, நம் ஊர்க் கோயிலுக்கு வந்துவிட்டோமோ என்று தோன்றும். இரண்டு இடத்திலும் செருப்பில்லாமல் பாறைமேல் நடக்க வேண்டும். நடுப்பகலில் பாதம் வெந்துவிடும், ஒரு சோடிக் காலுறை பையில் இருக்கட்டும். சந்நிதி பூட்டியிருந்தால் அவசரப்பட்டுத் திரும்பாதீர்கள். சாவி வைத்திருப்பவரைப் பக்கத்து வீட்டிலிருந்து அழைத்து வருவார்கள்.

கண்டியிலிருந்து ஆட்டோ பேசினால் மூன்றையும் நான்கு மணி நேரத்தில் முடிக்கலாம். நடக்கப் பிடிப்பவர்கள் எம்பக்கே வரை பஸ்ஸில் போய், மற்ற இரண்டையும் நடந்தே பார்த்துவிட்டு, பிலிமத்தலாவையில் கொழும்பு வீதியைத் தொட்டு பஸ் ஏறலாம்.

காடு பிடித்தவர்களுக்கு மாளிகையின் பின்புறம் உடவத்தக்கெலை இருக்கிறது, நூறு ஹெக்டேருக்குச் சற்று மேல். மழை பெய்த மறுநாள் அட்டைகள் மொய்க்கும். நீளக் காற்சட்டையைக் காலுறைக்குள் செருகி, கொஞ்சம் உப்பும் கொண்டுபோங்கள்.

சாப்பாடு

கடையில் உட்கார்ந்ததும் கேட்காமலேயே ஒரு தட்டு நிறைய ரோல்ஸ், பட்டிஸ், கட்லட் கொண்டுவந்து வைத்தால் பதற வேண்டாம். தின்றதற்கு மட்டும்தான் கணக்கு. மதியச் சோற்றுக்கு இளம் பலாக்காய்க் கறி இருந்தால் விடாதீர்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் ஒன்று கேட்டேயாக வேண்டும்: "மாசி போட்டதா?" தேங்காய்ச் சம்பலிலும் மரக்கறியிலும்கூட மாசிக் கருவாட்டுத் தூள் சேர்ப்பது இங்கே வழக்கம். "மீன் இல்லை" என்று கடைக்காரர் சொல்வது பொய்யல்ல. மாசியை அவர் மீன் கணக்கில் சேர்ப்பதில்லை. நகரத்தில் தமிழர் நடத்தும் சைவக் கடைகளில் இந்தக் கவலை இல்லை. கடைவீதியில் தமிழரும் முஸ்லிம்களும் நிறையப் பேர் என்பதால் பேச்சுக்குத் தடை வராது. "அண்ணை", "அக்கா" என்று தொடங்கினால் போதும்.

ஏரிக்கரையில் உங்களை நிறுத்தி, "இன்றைக்கு மட்டும் விசேஷப் பூசை", "மாளிகை இப்போது மூடியிருக்கிறது, அதுவரை ஒரு இடம் காட்டுகிறேன்" என்று சொல்கிறவர்களோடு போகாதீர்கள். போய்ச் சேருவது இரத்தினக் கல் கடையிலோ வாசனைத் திரவியத் தோட்டத்திலோதான். அழைத்துப்போனவருக்கு அங்கே தரகு உண்டு. ஏலமும் கறுவாவும் மிளகும் வேண்டுமானால் ரயில் நிலையத்துக்குப் பக்கத்து மத்திய சந்தையில் இரண்டு மூன்று கடைகளில் விலை கேட்டு வாங்குங்கள்.

பெரஹராக் காலத்தில் வந்தால்

எசல பெரஹரா ஜூலை, ஆகஸ்டில் பத்து இரவுகள். முதல் ஐந்து கும்பல் பெரஹரா, அடுத்த ஐந்து ரந்தோலி. நாளுக்கு நாள் யானைகளும் ஆட்டக்காரரும் கூடிக்கொண்டே போவார்கள். கடைசி ரந்தோலி இரவுக்குத்தான் எல்லோரும் அடித்துப்பிடித்து வருகிறார்கள். முதல்முறை வருகிறவர்களுக்கு முதலாவது அல்லது இரண்டாவது ரந்தோலியைச் சொல்வோம். அழகு குறையாது, மூச்சுவிட இடமும் இருக்கும். குழந்தைகளோடு வந்தால் கும்பல் இரவே போதும்.

இலவசமாக நடைபாதையில் உட்கார மதியமே போய் இடம் பிடிக்க வேண்டும். உட்கார்ந்த பின் எழுந்து போனால் இடம் போயிற்று. காசு கொடுத்து நாற்காலி வாங்கினால் எந்த வரிசை, கூரை உண்டா, கழிப்பறை எங்கே என்று கேட்டு, இடத்தை நேரில் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். ஊர்வலத்தில் சாட்டை சொடுக்குபவர்கள் முதலில் வருவார்கள். மாளிகைக் கொம்பன் பேழையோடு வரும்போது எல்லோரும் எழுந்து நிற்பார்கள், நீங்களும் நில்லுங்கள். மாளிகைப் பெரஹராவுக்குப் பின்னால் நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்களின் பெரஹராக்கள் வரிசையாக வரும். பாதியில் எழுந்து போகிறவர்கள் கண்ணகியின் ஊர்வலத்தைத் தவறவிடுகிறார்கள்.

கிளம்பும்போது

கண்டியிலிருந்து நானுஓயா, எல்ல என்ற மலையூர்கள் பக்கம் ரயிலில் போகிறவர்கள் முன்பதிவை ஊரிலிருந்தே செய்துவிட வேண்டும். கண்டிக்கு வந்த பிறகு கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது. கொழும்பிலிருந்து வரும் ரயில் கண்டிக்குள் நுழைந்து, வந்த வழியே திரும்பித்தான் வெளியேறும். அதனால் முன்னோக்கி இருந்த இருக்கை பின்னோக்கி ஆகும், வலது இடதாகும். அதிக நேரம் நிற்காத ரயில்களில் நடைமேடையில் இறங்கித் தேநீர் குடிக்கப் போகாதீர்கள். பெட்டி இலக்கத்தைப் பார்த்து ஏறுங்கள். முன்பதிவுப் பெட்டிகள் எந்த முனையில் வரும் என்று நிலையத்தில் முன்கூட்டியே சொல்வார்கள், அங்கே போய் நின்றால் பெட்டிகளோடு ஓட வேண்டியிராது.